ரேண்டம்னா யாருப்பா?

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்று நாளாக வீட்டில் சைகை பாஷைதான். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு நிம்மதி!

கிரிக்கெட் பார்த்துக் கத்தவில்லை. கட்சிக் கூட்டத்துக்கும் போகவில்லை. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், சீட்டு எடுப்பதை வேடிக்கை பார்க்கப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்... கடைசியில் அந்த ஊர்க்காரர்களைவிட அதிகமாகக் கத்தியது நான்தான்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருந்தார். ‘இந்த நவீன காலத்தில் மனிதனுக்கு மதம் இன்னும் தேவையா மேடம்?’

நானும் ஜோராகப் பதில் எழுதினேன். பரீட்சை ரிசல்ட் ஆன்லைனில் வருகிறது, புயல் செய்தி செல்போனில் வருகிறது, சாமிக்கு இனிமேல் பார்ட் டைம் வேலைதான் என்று. அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. நான்கு பேருக்கு போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

இந்த விஷயத்தில் என் கட்சி என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவர் ஆளுங்கட்சி. காலையில் விளக்கு, சாயங்காலம் சாம்பிராணி. நான் எதிர்க்கட்சி. சாம்பிராணிப் புகை வந்ததும் வெளிநடப்பு செய்து வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

அப்படி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பழக்கமானவள்தான் கஸ்தூரி.

மீஞ்சூரில் எங்கள் தெருவுக்கு வாரம் மூன்று நாள் இறாலும் மீனும் கொண்டு வருவாள். பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் குப்பம் அவள் ஊர். (பெயர் வேண்டாம். ஊர்த் தலைவர் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்.) விடியற்காலை பஸ், அப்புறம் பொன்னேரியிலிருந்து ரயில், பிறகு தலையில் அன்னக்கூடையோடு நடை. வயது நாற்பது இருக்கும். சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். சண்டை போட்டால் பக்கத்துத் தெருவும் திரும்பிப் பார்க்கும்.

போன மாதம் என் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“யக்கா, சேதி தெரியுமா? எங்க ஊர்ல இந்த வருசம் பாட்டுச் சீட்டை சாமி எடுக்காதாம். செல்போன் எடுக்குமாம்!”

பாட்டுச் சீட்டு என்றதும் சினிமாப் பாட்டு என்று நினைத்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள்.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றில்லை. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்துப் பக்கம் கழி நட்டு வலை கட்டினால் இறால் கொட்டும். உள்ளே போகப் போகக் குறையும். ஒரு ஓரத்தில் வெறும் சேறு. அங்கே வலைக்கு வருவது பாசிதான். அப்படியானால் நல்ல இடம் யாருக்கு, சேறு யாருக்கு? அடித்துக்கொண்டு மண்டை உடையாமல் இருக்க இவர்களுடைய முன்னோர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒதுங்கும் இடத்துக்குப் பேர் ‘பாடு’. வருஷத்துக்கு ஒரு முறை கங்கையம்மன் கோயிலில் எல்லார் பேரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பார். முதலில் வருகிற பேருக்கு முகத்துவாரம். கடைசிப் பேருக்குச் சேறு. அந்த சீசன் முழுக்க அதுதான். அப்பீல் கிடையாது.

“எல்லார் பேரையும்னா... உன் பேரு?” என்று கேட்டேன்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“எம் பேரு ஏதுக்கா? கண்ணாலம் ஆன ஆம்பள பேருதான் குடத்துல வுழும். எங்க வூட்டுக்காரு இருந்தமுட்டும் அவரு பேரு வுழுந்துச்சி. அவரு போனாரு... அவரு கூடவே பாடும் போச்சி.”

கஸ்தூரியின் கணவர் செல்வம் மாரடைப்பில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமான மகன் இருந்தால் மகன் பேரில் பாடு தொடரும். கஸ்தூரிக்கு ஒரே மகள். பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். ஆகவே பாடு இல்லை.

“போட்டு கீது. வலை கீது. தண்ணில எறங்க எந் தம்பி கீறான், நான் கீறேன். அவரு இருக்க சொல்லோவே நான்தான் கூட போவேன். எடம் மட்டும் இல்ல. ரெண்டு வருசமா போட்டு கரையில கவுந்து கெடக்குது. அவன் அவன் புடிச்சத்த வாங்கி வந்து உன்னாண்ட வித்துக்கினு கீறேன்.”

பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “ஆனா இந்த வருசம் செல்போன் ஆச்சே! செல்லுக்கு இன்னா தெரியும், ஆம்பள பொம்பள? பேரைப் போட்டா பேரு வரும். இல்லியாக்கா?”

எனக்கு வந்ததே உற்சாகம்! இதைத்தானே நான் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! “ஆமா கஸ்தூரி! மெஷினுக்கு ஜாதி கிடையாது, மதம் கிடையாது, மீசை கிடையாது! உன் பேரு கண்டிப்பா இருக்கும்” என்று வாசலில் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

“நெசமாவா?”

“சத்தியமா!”

எதன் மேல் சத்தியம் என்று நானும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நாள். நானும் கிளம்பிவிட்டேன். கஸ்தூரி ஜெயிப்பதைப் பார்க்க வேண்டாமா? மீஞ்சூரில் ரயில், பொன்னேரியில் பஸ், பழவேற்காட்டிலிருந்து பாலம் தாண்டி ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் என் மடியில் யாருடைய கருவாட்டுப் பையோ உட்கார்ந்து வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவு குஷி.

கோயிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அங்கே தலைவர் வீட்டுப் பெரிய டிவியைத் தூக்கி வந்து மேஜை மேல் வைத்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். கஸ்தூரி பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டு எடுக்கும் செல்போன் ஆப்பைச் செய்தது பிரகாஷ். தலைவர் ஏழுமலையின் மகன். இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் தினமும் சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறான். தங்கமான பையன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு விளக்கினான்.

“பூசாரி கண்ண கட்டினாலும் கொஞ்சம் தெரியுதுன்னு வருசா வருசம் ஒரு பேச்சு வருது மேடம். இதுல அந்த டவுட்டே இல்ல. பட்டன அழுத்துனா பேரு வரும். ஆயிரம் வாட்டி டெஸ்ட் பண்ணிட்டேன்.”

எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டியும் விட்டேன்.

செல்போனை டிவியோடு இணைத்தான். டிவியில் பேர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... கஸ்தூரியின் உதடு ஒவ்வொரு பேராகப் படித்தது. இருபது... முப்பது... நாற்பத்திரண்டில் பட்டியல் நின்றது.

கஸ்தூரி பேர் இல்லை.

“பிரகாசு... எம் பேரு வரலியே?”

“லிஸ்ட்ல இருந்தத்ததான் ஏத்தினேன் அக்கா.”

“லிஸ்டு யாரு குடுத்தா?”

“நைனா குடுத்தாரு.”

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். ஏழுமலை நல்ல மனிதர்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். “நான் இன்னாம்மா பண்றது? பழைய நோட்டுல இருந்தத்த எயுதி குடுத்தேன். இப்போ மெசின்ல ஏறிடுச்சே.”

“அப்ப மெசின்ல ஒரு பேர சேருப்பா பிரகாசு.”

“லாக் பண்ணிட்டேன் அக்கா. நடுவுல யாரும் கை வைக்கக்கூடாதுன்னுதான்... அதான் இதுல சேஃப்டியே.”

மகன் அப்பாவைக் காட்டுகிறான். அப்பா நோட்டைக் காட்டுகிறார். நோட்டு மெஷினுக்குள் போய்விட்டது. மெஷினுக்கு வாய் இல்லை. கஸ்தூரி யாரிடம் கேட்பாள்?

சத்தியம் செய்து கொடுத்தவள் நானல்லவா? பிரகாஷிடம் போய் மெதுவாகச் சொன்னேன். “தம்பி, ஒரு பேர்தானே... புரோகிராமைத் திறந்து சேர்த்துவிடேன்.”

“அது ஊர் டிசிஷன் மேடம். நான் வெறும் டெக்னிக்கல்.”

வெறும் டெக்னிக்கல்! இந்தப் பதிலை நீங்களும் எத்தனை கவுன்ட்டரில் கேட்டிருப்பீர்கள்? ‘சிஸ்டம் எடுக்கல சார்.’ ‘போர்ட்டல்ல வரல மேடம்.’ ஒரு காலத்தில் மனிதர்கள் நம்மை முகத்துக்கு நேராக மறுத்தார்கள். திட்டிவிட்டாவது வரலாம். இப்போது மறுப்பதற்கு ஆளே இல்லை... ஆனால் மறுப்பு மட்டும் கரெக்டாக வந்து சேர்ந்துவிடுகிறது!

கஸ்தூரி பேசாமல் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே.

பிரகாஷ் பட்டனை அழுத்தினான். டிவியில் பேர்கள் கடகடவென்று சுழன்றன. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். டிங் என்று ஒரு சத்தம். முதல் பேர் வந்து நின்றது.

‘மு. ஏழுமலை.’

தலைவர்! முகத்துவாரம் தலைவருக்கு!

கூட்டம் வெடித்தது பாருங்கள்...

“அட்ரா சக்க! புள்ள போன்ல அப்பன் பேரு மொதல்ல!”

“இதுக்குத்தான் டிவிய தூக்கிகினு வந்தியா?”

“இல்லபா! ரேண்டம்பா! ரேண்டமா வந்தது!” என்று பிரகாஷ் கத்தினான்.

முன் வரிசையில் ஒரு மீசைக்காரர், வலை கட்டிக் கட்டிக் காய்ப்பு காய்த்த கையை நீட்டிக் கேட்டார். “ரேண்டம்னா யாருப்பா? எந்தூரு ஆளு? கூப்டு அவன. கேப்போம்.”

கொட்டகையே சிரித்தது. ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

“பெரியப்பா, இன்னொரு வாட்டி அழுத்துனா வேற பேரு வரும். பாக்கிறியா?”

“இன்னொரு வாட்டி அழுத்துனா வேற பேரு வருமா?”

“வரும்.”

“அப்ப வூட்ல எத்தினி வாட்டி அழுத்தி அழுத்தி பாத்துகினு வந்தே?”

பிரகாஷ் அவுட்! ஆயிரம் தடவை டெஸ்ட் செய்தேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னானே, அது இப்போது வெளியே வந்தால் என்ன ஆகும்? நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. நாற்பத்திரண்டு பேரில் யார் பேர் வேண்டுமானாலும் முதலில் வரலாம். தலைவர் பேரும் வரலாம். வந்தது. அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் குடத்திலும் முதல் சீட்டு தலைவருக்கே வந்ததாம். அப்போது ஒருத்தரும் வாய் திறக்கவில்லையாம். ‘அம்மா குடுத்தா’ என்று போய்விட்டார்களாம். என் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்.

அதே அதிர்ஷ்டம்தான். குடத்தில் வந்தால் அருள்... போனில் வந்தால் ஃபிராடு!

நான் இதை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அங்கேயே நின்று யோசித்ததில் வேறு ஒன்று புரிந்தது. சேறு கிடைத்தவனுக்குக் கோபம் வரும். வராமல் இருக்குமா? அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? குடம் என்றால் அம்மன் மேல் கொட்டலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், போலீஸுக்குப் போக மாட்டாள். போன் என்றால் பிரகாஷ் மேல்தான் கொட்ட வேண்டும். பாவம், அவன் தினமும் இவர்கள் வாசல் வழியாகத்தான் ரயிலுக்குப் போக வேண்டும்.

தலைவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “எனக்கு வேணாம்பா அந்த மொத பேரு. டிவிய தூக்குங்க. குடத்த எடுங்க” என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தார். அந்த இடத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

ஊர் முழுக்க அவர் பின்னால் போனது. எவர்சில்வர் குடத்தைக் கழுவிக் கவிழ்த்தார்கள். சீட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் கஸ்தூரி நடந்தாள்.

பெண்கள் வரிசையிலிருந்து கிளம்பி, ஆண்களைத் தாண்டி, தலைவரையும் தாண்டி... நேராகக் கருவறை வாசலில் போய் நின்றாள். ஒருத்தரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். என் வாசலில் நின்று எப்படிப் பேசுவாளோ, அதே குரல்!

“ஏம்மா, நீ சொல்லு. ஆடி மாசம் உனக்கு கூழு ஊத்தறமே, அப்ப இது யாரு வூட்டு அரிசி, அந்த வூட்ல ஆம்பள கீறானான்னு கேட்டியா? பொங்க வைக்க பொம்பள வேணும். தீச்சட்டி எடுக்க பொம்பள வேணும். உன் வாசல கூட்ட பொம்பள வேணும். பாட்டுக்கு மட்டும் ஆம்பளயா? அவரு செத்துட்டாரு. நான் சாவலியே! எனக்கு வவுறு இல்லியா? எம் பொண்ணுக்கு வவுறு இல்லியா?”

திரும்பாமலே கட்டை விரலால் பின்னால் நின்ற ஆண்களைக் காட்டினாள்.

“இவங்க கையில நான் கேக்கல. உன்னைத்தான் கேக்கறேன். நீ இன்னா ஆம்பளயா? நீயே பொம்பளதானே! பொம்பள பேரு ஆவாதுன்னா... நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற?”

நான் மேடைப் பேச்சு எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை இதுவரை கேட்டதில்லை.

“வழக்கம்னு ஒண்ணு கீதும்மா...” என்று இழுத்தார் அந்த மீசைக்காரர்.

இதுவரை பேசாமல் இருந்தவர் பூசாரி. ஒல்லியான மனிதர், காது கொஞ்சம் மந்தம். ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, அம்மன் முன்னால் இறக்கி வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பொம்பள பேரு ஆவாதுன்னு அம்மா சொல்லிச்சா? எனக்கு காதுல வுழல. எனக்குத்தான் காது மந்தம். உங்கள்ல யாரு காதுலயாச்சும் வுழுந்திருந்தா, வந்து இந்த கற்பூரத்த அணைச்சி சொல்லுங்க. அம்மா வேணாம்னு சொன்னான்னு சொல்லுங்க. நானே அவள வெளிய அனுப்பறேன்.”

கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்வது அங்கே சாதாரண விஷயம் இல்லை. பொய்ச் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் தண்ணீரில் கால் வைக்க முடியாது. மீசைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். நின்றார். தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

வேறு யாரும் வரவில்லை. கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது.

“சரி. பேர எயுது” என்றார் தலைவர்.

நாற்பத்து மூன்றாவது சீட்டு குடத்துக்குள் விழுந்தது. நான் பார்த்தேன்!

இங்கே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உடனே எனக்கு விபூதி அனுப்பி வைக்காதீர்கள். இத்தனை வருஷம் கஸ்தூரி போன்றவர்கள் பேர் குடத்தில் விழாமல் இருந்ததும் இதே அம்மன் வாசலில்தான். வேறு ஒரு ஊரில், வேறு ஒரு பூசாரி இருந்திருந்தால், துணிந்து கற்பூரத்தை அணைக்க ஒரு ஆளும் கிடைத்திருப்பான். சாமி பேரைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்கள் நாட்டில் குறைவா என்ன? அவர்கள் விஷயத்தில் நான் இன்னும் எதிர்க்கட்சிதான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டிவிக்கு முன்னால் கஸ்தூரிக்கு வேண்டாம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவள் பேர் இல்லை. கோயிலில், வேண்டாம் என்றால் ஒரு மனிதன் முன்னால் வந்து, தன் கையை வைத்து, தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. தலைவருக்கும் மேலே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் யார் வேண்டுமானாலும் நேராகப் போய்ப் பேசலாம் என்பது... இல்லாதவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! மதம் தேவையா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. அந்த வாசல் தேவை. அது எனக்குத் தெரிந்துவிட்டது.

சரி, சீட்டுக்கு வருவோம். என் தொண்டை போன கதை இனிமேல்தான்!

பூசாரி கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார். குடத்தைக் குலுக்கினார். முதல் சீட்டு... மீசைக்காரருக்கு! முகத்துவாரம்! அவர் துள்ளிக் குதித்ததில் வேட்டி நழுவியது. இரண்டாவது சீட்டு, மூன்றாவது... ஒவ்வொரு பேருக்கும் ஒரு கூச்சல், ஒரு விசில். நான் “கஸ்தூரி! கஸ்தூரி!” என்று கத்திக்கொண்டிருந்தேன். யாருடைய சீட்டு வந்தாலும் நான் கத்தியது அதுதான்.

பத்து போனது. இருபது போனது. பக்கத்தில் பிரகாஷ் நின்றுகொண்டு, “ப்ராபபிலிட்டி படி பாத்தா மேடம், இப்ப சான்ஸ் ஜாஸ்தி...” என்று ஆரம்பித்தான். “சும்மா இருடா!” என்றேன். நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம், நானேதான். இரண்டு கையையும் சேர்த்து, ‘கங்கம்மா கங்கம்மா’ என்று. என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்... இப்போது இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார். இருக்கட்டும்.

முப்பது. முப்பத்தைந்து. தலைவர் பேர்கூட முப்பத்தெட்டில் வந்துவிட்டது. அவர் அம்மனைப் பார்த்து முறைத்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டார். கஸ்தூரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

குடத்தில் ஒரே ஒரு சீட்டு. இனிமேல் கண்ணைக் கட்டி என்ன? பூசாரி துண்டை அவிழ்த்தார். குடத்தைக் கவிழ்த்தார். சீட்டைப் பிரித்தார்.

“கஸ்தூரி.”

நான் வீல் என்று கத்தினேன் பாருங்கள்... அதில்தான் தொண்டை போனது. குதித்தேன், பிரகாஷின் தோளில் ஓங்கி அடித்தேன். அந்தக் கோயிலில், குடத்திலிருந்து, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு பெண்ணின் பேர்! எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கடைசிச் சீட்டு. அப்படியென்றால்... சேறு.

இவ்வளவு சண்டை போட்டவளுக்குச் சேறா? எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கஸ்தூரி தூணை விட்டாள். மறுபடியும் அம்மன் எதிரே போய் நின்றாள்.

“ஏன் தாயே! இம்மாம் சண்ட போட்டு, தொண்ட தண்ணி வத்தி, உன் குடத்துல வந்து வுழுந்தா... சேத்துலயா தள்ளுற என்னை? பட்டுப்பொடவ கட்டிகினு வந்தேனே, கண்ணு தெரியலியா உனக்கு? இந்த வருசம் பாசி அரிக்கிறேன் போ. அடுத்த வருசம் மட்டும் நீ எனக்கு முவத்தாரம் குடுக்கல... அப்புறம் கீது உனக்கு!”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு மீசைக்காரர். பிறகு ஊரே சிரித்தது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. ‘அடுத்த வருசம்’ என்றாளே, காதில் விழுந்ததா உங்களுக்கு? அடுத்த வருஷமும் உன் பேர் உண்டு என்று யார் சொன்னார்கள் என ஒருவராவது கேட்பார்கள் என்று படபடப்போடு காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மீசைக்காரர்கூட, “அடுத்த வருசம் காலையிலயே வந்து சண்டய ஆரம்பிம்மா, வெயில் ஏறுது” என்றுதான் சொன்னார்.

தலைவர் நோட்டை மடியில் வைத்து, வந்த பேர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்றாவது வரியில் வந்து பேனா நின்றது. அதற்கு மேலே இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவரவர் அப்பா பேரின் முதல் எழுத்து இருந்தது.

“இனிசியல் இன்னா போடட்டும்மா? உங்கப்பா பேரா, செல்வம் பேரா?”

கஸ்தூரி யோசிக்கவே இல்லை.

“அம்மனுக்கு இன்னா இனிசியலோ, அத்தயே போடு.”

தலைவர் நிமிர்ந்து கருவறையை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து வெறும் ‘கஸ்தூரி’ என்று எழுதினார். கையெழுத்து கொஞ்சம் கோணல்தான்... பரவாயில்லை, நன்றாகப் படிக்க வருகிறது!